கேமராவை மாற்றும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

இந்த வாரமும் ஒருவர் புதுக் கேமராவோடு வந்தார். 61 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம், 400 மி.மீ. லென்ஸ், சாதாரண ட்ரைபாட். "சென்சார்ல ஏதோ கோளாறு சார். பழைய கேமராவே தேவலாம். நட்சத்திரமெல்லாம் கோடு கோடா வருது" என்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரியன் நெபுலா என்னும் வாயு மேகத்தைச் சுற்றி எல்லா நட்சத்திரங்களும் ஒரே திசையில், ஒரே நீளத்துக்கு இழுபட்டிருந்தன. சென்சாரில் ஒரு குறையும் இல்லை. பூமி சுற்றுகிறது, அவ்வளவுதான்.

பழுதுபார்க்கும் மேசைக்கு இப்படி நல்ல கேமராக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

மெகாபிக்சல் கூடினால் நட்சத்திரம் கூர்மையாக விழும் என்று யார்தான் சொல்லித்தருகிறார்களோ! கணக்கைப் பாருங்கள். வான நடுக்கோட்டருகே, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே உள்ள வானில், நட்சத்திரங்கள் நொடிக்கு 15 ஆர்க் விநாடி நகர்கின்றன. ஒரு டிகிரியை 3600 கூறாக்கினால் ஒரு கூறுதான் ஆர்க் விநாடி. ஓரியன் இருப்பது அங்கேதான். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் ஒரு பிக்சல் சுமார் 6 மைக்ரான். 400 மி.மீ. லென்ஸில் அதற்கு வானத்தில் 3 ஆர்க் விநாடிதான் இடம். ஆக, ஒரே நொடியில் நட்சத்திரம் 5 பிக்சலைக் கடந்துவிடும். 61 மெகாபிக்சலில் பிக்சல் 3.8 மைக்ரானாகச் சுருங்குவதால் அதே நொடியில் கிட்டத்தட்ட 8 பிக்சல். காசைக் கொட்டி வாங்கியது கோட்டை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. எத்தனை நொடி எக்ஸ்போஷர் தரலாம் என்று பார்க்க 500-ஐ லென்ஸின் ஃபோக்கல் லென்த்தால் வகுக்கும் பழைய விதியும் இந்த சென்சார்களுக்கு உதவாது. 24 மி.மீ. லென்ஸில் அது 20 நொடி தரும். அதற்குள் நட்சத்திரம் 9 பிக்சல் போயிருக்கும். ஐஎஸ்ஓவை ஏற்றியும் பயனில்லை. உள்ளே வரும் ஒளி அதே அளவுதான்.

பழைய கேமராவே இருக்கட்டும். முதலில் டிராக்கர் மவுன்ட் வாங்குங்கள். நட்சத்திரங்களின் ஓட்டத்துக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பிக்கொண்டே போகும் கருவி அது. பெட்டியில் போட்டிருக்கும் எடையை நம்பி முழுப் பாரத்தையும் ஏற்றாதீர்கள். படமெடுக்கப் பாதியளவே பாதுகாப்பு. ட்ரைபாட் ஆடினால் மவுன்ட்டும் வீண்.

நீளமான லென்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் நீளம் சுமார் 3 டிகிரி. முழுநிலவு அரை டிகிரிதான். ஆறு நிலவை வரிசையாக வைத்த நீளம் அது. மங்கலாக இருப்பதால் அதன் முழு நீளம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 135 அல்லது 200 மி.மீ. லென்ஸே தாராளம், டிராக்கரில் வரும் சின்னப் பிழைகளையும் அது பொறுத்துக்கொள்ளும்.

சிவப்பு நெபுலாக்களுக்காக சென்சார் முன்னாலுள்ள ஃபில்டரை மாற்றித்தரச் சொல்லிக் கேட்கிறார்கள். 656 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளியின் பெரும்பகுதியைச் சாதாரணக் கேமரா தடுத்துவிடுவது உண்மைதான். ஆனால் மாற்றியபின் பகல் படங்களின் நிறம் கெடும், வாரண்டியும் போகும். ஓர் ஆண்டு படமெடுத்துப் பழகிவிட்டு வாருங்கள், செய்துதருகிறேன்.

நீண்ட எக்ஸ்போஷரில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் தெரிகின்றனவா? அவை ஹாட் பிக்சல்கள், எல்லா சென்சாரிலும் உண்டு. மூடியைப் போட்டு அதே நேர அளவில் டார்க் ஃபிரேம் என்னும் இருட்டுப் படம் எடுத்து, அதை மென்பொருளில் அசல் படத்திலிருந்து கழித்துவிடுங்கள். அதற்காக என்னிடம் வர வேண்டாம்.

நிஜமாகவே திருப்பிக் கொடுக்க வேண்டிய லென்ஸை மட்டும் யாரும் கொண்டுவருவதில்லை. வாங்கிய வாரமே, திருப்பித்தரும் கெடு முடிவதற்குள், நட்சத்திரங்களைப் படமெடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கிலும் நட்சத்திரம் ஒரேமாதிரி சிறகு விரித்தால் அது லென்ஸின் இயல்பு. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துவாரத்தை, ஒன்றிரண்டு ஸ்டாப் குறைத்தால் அடங்கும். ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் உள்ளே கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். எல்லாப் பணத்தையும் கேமராவில் போட்டுவிட்டு, சூரிய ஃபில்டர் வாங்காமல் கிரகணம் எடுக்கப் போகாதீர்கள். அப்படிப் போய் வந்த ஒரு டெலி லென்ஸை அண்மையில் பிரித்தேன். அப்பர்ச்சர் தகடுகளின் ஓரம் உருகிச் சுருண்டிருந்தது. கேமராவின் ஷட்டர் திரையில் ஓட்டை. ஆப்டிகல் வியூஃபைண்டரில் கண்ணை வைத்திருந்தால் பார்வையே போயிருக்கும். ஃபில்டர் லென்ஸின் முன்பக்கத்தில்தான் இருக்க வேண்டும், பின்னால் அல்ல. பொத்தல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காற்றுக்குக் கழன்றுவிடாதபடி டேப் ஒட்டுங்கள். குறிபார்க்கும் சின்னத் தொலைநோக்கியான ஃபைண்டர் ஸ்கோப் இருந்தால் அதையும் மூடிவையுங்கள், குழந்தைகள் எட்டிப் பார்ப்பது அதில்தான்.