அடகு வைத்துக் காணிக்கை போடாதீர்கள்

போன வாரம் இன்னொரு அம்மா வந்தார். இந்த வருடத்தில் இவர் நான்காவது ஆள். சபையார் கூடும் கன்வென்ஷன் கூட்டத்தில் இருபதாயிரம் ரூபாய் ‘விதைக் காணிக்கை’ (விதைபோலப் பல மடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லி வாங்குவது) தருவதாகக் கைதூக்கிவிட்டாராம். சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தார். முன்பு வைத்த வளையலுக்கே ஏல நோட்டீஸ் போயிருக்கிறது. மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் பாக்கி. “கர்த்தர் நூறத்தனையாத் தருவார் சார்” என்றார், அதாவது நூறு மடங்காக.

பதினாறு வருடமாக வங்கியில் நகைக்கடன் பார்க்கிறேன். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கும் போகிறவன். அதனால்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த ‘நூறத்தனை’ வசனத்தை முழுசாக வாசியுங்கள், மாற்கு 10:30. இயேசுவுக்காக வீட்டையும் நிலத்தையும் உறவுகளையும் விட்டு வந்தவர்களைப் பற்றிச் சொன்னது அது. நடுவிலே ‘துன்பங்களோடேகூட’ என்றும் இருக்கிறது. இருபதாயிரம் போட்டால் இருபது லட்சம் வரும் என்று அங்கே எந்தக் கணக்கும் இல்லை. திரும்பி வரும் என்று எண்ணிக் கொடுத்தால் அது காணிக்கையே இல்லை, முதலீடு. அதுவும் கடன் வாங்கிய முதலீடு! அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபையாருக்கு அளவையே எழுதிக் கொடுத்துவிட்டார்: “அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்.” அடகுப் பணம் உங்களுக்கு உள்ளதா? அது வங்கியின் பணம், வட்டியோடு திரும்ப வேண்டியது. இயேசு பாராட்டிய ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசு அவளுடைய சொந்தக் காசு. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்தியவர்களை இயேசு கண்டித்ததும் நினைவிருக்கட்டும். பிள்ளையின் கட்டணத்துக்கும் அது பொருந்தும்.

வேதம் நம்மை உக்கிராணக்காரன், அதாவது நிர்வாகி, என்கிறது. சொத்து எஜமானுடையது, கணக்கு ஒப்புவிப்பது நம் வேலை. இயேசு சொன்ன ஒரு உவமையில் எஜமான் ஒரு வேலைக்காரனிடம் ஒரு தாலந்து ஒப்படைக்கிறார். ஒரு தாலந்து என்பது 6000 தெனாரியம் வெள்ளிக்காசு; கூலியாள் ஒருவரின் ஏறக்குறைய இருபது வருடச் சம்பளம். அதைப் புதைத்தவனிடம், காசுக்காரர் வசத்திலாவது போட்டிருக்கலாமே என்று எஜமான் கேட்கிறார். வங்கிக்காரனான எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

சரி, கொடுக்க நினைப்பவர்கள் தாராளமாகக் கொடுங்கள். வரவு வந்ததும் முதலில் எடுத்துத் தனியாக வையுங்கள். கூட்டத்தில் பாட்டும் ஜெபமும் உச்சத்தில் இருக்கும்போது தொகை சொல்லாதீர்கள். வீட்டுக்கு வந்து கணவன் மனைவி உட்கார்ந்து பேசுங்கள், அப்புறம் முடிவெடுங்கள். ரசீது கேட்பது அவிசுவாசம் அல்ல.

ஏற்கெனவே நகை வைத்துவிட்டீர்களா? வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் அசல் அப்படியே நிற்கும். முடிந்தபோதெல்லாம் அசலில் கொஞ்சம் கட்டுங்கள். நோட்டீஸ் வந்தால் ஒளித்து வைக்காமல் கிளைக்கு வந்து பேசுங்கள். ஏலமே போனாலும் கடன் போக மிஞ்சும் பணம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

அந்த அம்மாவோடு அரை மணி நேரம் பேசினேன். சங்கிலியைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் பாஸ்டரிடம் என்ன சொல்வது என்று அழுதார்.

போதகர் ஐயாமார்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கவரை வாங்குமுன் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அடகுப் பணம் என்றால் ஜெபம் பண்ணி அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். முதலில் நகையை மீட்கட்டும்.