பழைய விண்டோஸில் பிரிண்டர் போர்ட் கார்டு: கேபினெட்டைத் திறக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பழைய கணினியில் பிரிண்டர் போர்ட் செத்துவிட்டால், ஒரு கார்டு வாங்கிச் செருகினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கார்டு ஸ்லாட்டில் உட்கார்ந்துவிடும். டிரைவரும் ஏறிவிடும். டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸ் தன்னிடம் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் பக்கம்) மஞ்சள் குறி எதுவும் இல்லாமல் பெயரும் தெரியும். பில் மட்டும் வராது. "தம்பி, கார்டெல்லாம் போட்டாச்சு, கம்ப்யூட்டரும் காட்டுது, ஆனா பிரிண்டர் அசைய மாட்டேங்குது" என்று கடையிலிருந்து போன் வருவது இந்தக் கட்டத்தில்தான். அதற்குள் அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கியிருப்பார்கள். சில இடங்களில் விண்டோஸையே அழித்து மறுபடி ஏற்றியிருப்பார்கள். பெரும்பாலும் கார்டில் எந்தக் குறையும் இருக்காது.

அரிசி மண்டி, எடைமேடை, லாரி புக்கிங் ஆபீஸ், அடகுக்கடை என்று நான் சர்வீஸுக்குப் போகும் பல இடங்களில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரே அடியில் கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்க, ஊசியால் தட்டி அச்சிடும் பிரிண்டரை விட்டால் வேறு வழியில்லை. அந்தப் பிரிண்டருக்குப் பின்னால் ஃபாக்ஸ்ப்ரோவிலோ கிளிப்பரிலோ எழுதிய ஒரு டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) புரோகிராம் இருக்கும். எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. "புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வருவது எளிது. ஆனால் 64-பிட் விண்டோஸில் 16-பிட் டாஸ் புரோகிராம் ஓடவே ஓடாது. பல வருடக் கணக்கு அந்தப் புரோகிராமுக்குள் இருக்கிறது. அதனால் பழைய இயந்திரத்தை ஒழுங்காக வைத்துக்கொடுப்பது மதிப்புள்ள வேலை என்றே நினைக்கிறேன்.

இந்த வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கார்டு எந்தக் கம்பெனி என்பதல்ல. அந்தப் புரோகிராம் பிரிண்டரை எந்த வழியில் தேடுகிறது என்பதுதான். வழிகள் மூன்று. சில புரோகிராம்கள் எல்பிடி1 (முதல் பிரிண்டர் போர்ட்) என்ற பெயரைச் சொல்லி இயங்குதளத்திடம் கொடுத்துவிடும். சில, பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) வழியாக அனுப்பும். இன்னும் சில, யாரையும் கேட்காமல் 378 என்ற முகவரிக்கு (கணினிக்குள் போர்ட்டை அடையாளம் காட்டும் எண்) நேராகப் போய்க் கதவைத் தட்டும். மதர்போர்டோடு வந்த பேரலல் போர்ட், அதாவது பிரிண்டர் போர்ட், வழக்கமாக இந்த 378-இல்தான் இருக்கும். (இவையெல்லாம் பதினாறடிமான எண்கள், டி, இ போன்ற எழுத்துகளும் அதில் இலக்கங்கள்தான்.) இரண்டாவது போர்ட் என்றால் 278. அந்தக் காலத்து ஐஎஸ்ஏ ஸ்லாட் கார்டுகளில் ஜம்பரை (பின்களில் செருகும் சிறு மூடி) மாற்றி இந்த முகவரிகளை நாமே அமைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின் வந்த பிசிஐ ஸ்லாட் கார்டில் அது முடியாது. கணினி ஆன் ஆகும்போது பயாஸ் எந்த முகவரியைக் கொடுக்கிறதோ அதுதான். டி800, இ400 என்று எதுவாகவும் இருக்கலாம். அந்த முகவரியில் கார்டு நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். ஆனால் புரோகிராம் 378-இல் யாருமில்லாத வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

ஆகவே எந்த இயங்குதளம், என்ன புரோகிராம் என்று தெரியாமல் கார்டு வாங்கப் போகாதீர்கள்.

அதற்கும் முன்னால், போர்ட் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். பிரிண்டரின் லைன் ஃபீட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் பெரும்பாலான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் தாமாகவே ஒரு சோதனைப் பக்கம் அடிக்கும். அது வந்தால் பிரிண்டரின் அச்சுப் பகுதி நலம். அடுத்து, டேட்டாவை நகலெடுத்து, கணினியையும் பிரிண்டரையும் அணைத்த பிறகு வேறொரு கேபிளை மாட்டிப் பாருங்கள். பிறகு பயாஸுக்குள் போய்ப் பேரலல் போர்ட் டிசேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் பழையபடி மாறிப்போனதாலேயே போர்ட் காணாமல் போவதுண்டு. சில மதர்போர்டுகளில் பின்பக்கம் போர்ட் இல்லாவிட்டாலும், உள்ளே 26 பின் இடம் கொண்ட ஒரு ஹெடர் (கேபிள் மாட்டும் பின் வரிசை) இருக்கும். அதற்கான பட்டைக் கேபிளும் பிராக்கெட்டும் வாங்கி மாட்டினால், 378 முகவரியிலேயே அசல் போர்ட் கிடைத்துவிடும். கார்டைவிட இது எல்லா வகையிலும் மேல்.

போர்ட் உண்மையிலேயே எரிந்திருந்தால், ஏன் எரிந்தது என்று தேடுங்கள். பேரலல் கேபிள் யுஎஸ்பி மாதிரி ஓடும்போதே செருகிக் கழற்றுவதற்காக அமைந்தது அல்ல. கணினி ஒரு பிளக்கில், பிரிண்டர் எர்த் இல்லாத வேறொரு பிளக்கில் என்று இருக்கும்போது, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கையில் கேபிளைச் செருகிக் கழற்றினால் போர்ட்டின் சிப் போய்விடக்கூடும். எர்த்தைச் சரி செய்யாமல் புதுக் கார்டு போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். கணினியை ஷட் டவுன் செய்வதற்கு முன்பே டேட்டாவை எடுத்துவிடுங்கள். கார்டு போட்ட பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வருடக்கணக்காக அணைக்காமல் ஓடிய பழைய ஹார்டு டிஸ்க், ஒருமுறை அணைந்து ஆறிவிட்டால் மறுபடி சுழல மறுப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் பார்த்திருக்கிற காட்சி. கார்டு மாட்டப் போனவர் கையில் கடையின் மொத்தக் கணக்கும் போய்விடும். டிபிஎஃப் (கணக்குத் தரவு) கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். முடிந்தால் டிஸ்க் முழுவதையும் குளோன் செய்து கடைக்காரரிடமே கொடுங்கள். நகலை வேறொரு கணினியில் திறந்து, கோப்புகள் வந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பவர் ஒயரில் கை வையுங்கள். பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்த போர்டில் பவரைப் பிடுங்கிய கணமே தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அதைக் கவனிக்காமல் பில் போட ஆரம்பித்தால் கணக்கே குழம்பிவிடும். அந்த பேட்டரி சிஆர்2032. கார்டு வாங்கும்போதே சேர்த்து வாங்கி மாற்றிவிடுங்கள்.

கார்டு வாங்கும்போது பெட்டியின் மேல் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கார்டில் இருக்கும் பெரிய சிப்பின் எண்ணைப் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் பல பெயர்களில் கிடைக்கும் கார்டுகளைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஓரிரு கம்பெனிகளின் சிப்தான். ஹைதராபாத்தின் மாஸ்சிப் விற்றுவந்த 9805, 9865 வரிசை ஒன்று. சீனாவின் டபிள்யூசிஎச் தயாரிக்கும் சிஎச்351, சிஎச்382 போன்றவை இன்னொன்று. டிரைவர் இந்தச் சிப்புக்குத்தான், பெட்டிக்கு அல்ல. எந்தச் சிப் என்று கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் அதன் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். வெண்டர் எண் 9710 என்றால் மாஸ்சிப், 4348 என்றால் டபிள்யூசிஎச்சின் பிசிஐ சிப். உங்கள் இயந்திரத்தில் இருப்பது பிசிஐ ஸ்லாட்டா, பிசிஐ எக்ஸ்பிரஸா, ஒல்லிக் கேபினெட் என்றால் குட்டை பிராக்கெட் வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொண்டு போங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கார்டைச் செருகி ஆன் செய்ததும் புதிய ஹார்டுவேர் வந்திருப்பதாகச் சொல்லி விசார்ட் திறக்கும். விண்டோஸ் அப்டேட்டில் தேடவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிரைவர் இருக்கும் ஃபோல்டரை நீங்களே காட்டுங்கள். பல கார்டுகளில் இந்த விசார்ட் இரண்டு முறை வரும். முதலில் கார்டுக்கு, பிறகு அதிலுள்ள போர்ட்டுக்கு. முதல் முறையோடு வேலை முடிந்தது என்று மூடிவிடுவதால் வரும் சிக்கல்கள் நிறைய. விண்டோஸ் லோகோ சோதனையில் தேறாத டிரைவர் என்ற எச்சரிக்கை வந்தால், டிரைவர் சரியான இடத்திலிருந்து எடுத்தது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தொடருங்கள்.

எல்லாம் முடிந்து பார்த்தால் போர்ட்டின் பெயர் எல்பிடி3 என்று இருக்கும். முதலில் சொன்ன போன் அழைப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்த ஒரு எண்தான். டாஸ் புரோகிராமுக்குத் தெரிந்தது எல்பிடி1 மட்டும். எக்ஸ்பியில் எந்தச் சாதாரணப் புரோகிராமும் ஹார்டுவேரை நேராகத் தொட முடியாது, விண்டோஸ் நடுவில் நிற்கும். அதனால் எக்ஸ்பியில் முகவரி எதுவாக இருந்தாலும் பெயர் சரியாக இருந்தால் பெரும்பாலும் பில் வந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் எண்ணை எல்பிடி1 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எல்பிடி1 ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகச் சொன்னால், செத்துப்போன பழைய போர்ட் இன்னும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பயாஸில் அதை டிசேபிள் செய்துவிட்டு, டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களையும் காட்டச் சொல்லி, அந்தப் பழைய பதிவை நீக்குங்கள்.

கமாண்ட் பிராம்ப்டில், கோப்புப் பட்டியல் காட்டும் டிர் கட்டளையை எல்பிடி1-க்குத் திருப்பிவிட்டு பிரிண்டர் தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் கார்டு, டிரைவர், கேபிள் மூன்றும் சரி. புரோகிராமிலிருந்து கொடுக்கும் பில் மட்டும் சில விநாடிகள் தாமதமாக வந்தால் அது எக்ஸ்பி டாஸ் அச்சைக் காத்திருக்க வைக்கும் பழக்கம். விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எல்பிடி டைம்அவுட் (காத்திருக்கும் நேரம்) மதிப்பைக் குறைத்தால் சரியாகும்.

விண்டோஸே இல்லாத தனி டாஸ் இயந்திரம் என்றால் கதை வேறு. அங்கே டிரைவர் என்று ஒன்று ஏற்றுவதற்கு இடமில்லை. பயாஸ், நினைவகத்தில் 40:8 என்ற இடத்தில் எல்பிடி போர்ட்களின் முகவரிகளை ஒரு சிறு பட்டியலாக எழுதி வைக்கும். டாஸின் டிபக் கருவியைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தால் 78 03 என்று தெரியும், அதுதான் தலைகீழாக எழுதிய 378. பிசிஐ கார்டின் முகவரி டி800 என்றால் அந்த இடத்தில் 00 டி8 என்று எழுதிவிட்டால், பயாஸ் வழியாக அச்சிடும் புரோகிராம்கள் எல்லாம் கார்டைக் கண்டுகொள்ளும். சில கார்டுகளோடு வரும் டாஸ் யுட்டிலிட்டி செய்வதும் இதையேதான். ரீஸ்டார்ட் ஆனதும் பட்டியல் பழையபடி ஆகிவிடும் என்பதால் ஆன் ஆகும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் இதைச் சேர்க்க வேண்டும். பயாஸில் பிளக் அண்ட் பிளே இயங்குதளம் என்ற கேள்விக்கு நோ என்றே இருக்கட்டும். அப்போதுதான் பயாஸ் தானே கார்டை எழுப்பிவிடும்.

378-ஐ நேராகத் தட்டும் புரோகிராமுக்கு இந்த வித்தை உதவாது. அப்படிப்பட்ட டாஸ் அல்லது விண்டோஸ் 98 இயந்திரத்தில் ஐஎஸ்ஏ ஸ்லாட் இருந்தால் பழைய ஐஎஸ்ஏ கார்டைத் தேடிப்பிடிப்பதே சரி. ஹார்டு டிஸ்க், ஃபிளாப்பி, சீரியல் எல்லாம் ஒன்றாக இருக்கும் கார்டு கிடைத்தால் பேரலலைத் தவிர மற்றதை ஜம்பரில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மதர்போர்டில் இருப்பவற்றோடு மோதும். பேரலல் போர்ட்டில் மாட்டும் டாங்கில் (திருட்டு நகலைத் தடுக்கும் சிறு கருவி) பூட்டு உள்ள மென்பொருள்களையும் இதே கவனத்தோடு பாருங்கள். பிரிண்டர் ஓடுகிறது என்பதால் பூட்டும் திறக்கும் என்று நம்பிவிட முடியாது. சிஎன்சி (கணினி கட்டுப்படுத்தும் வெட்டு) இயந்திரத்தை மாக்3 என்ற மென்பொருள் வழியாக ஓட்டுபவர்களுக்கு ஒரு நிம்மதி, அதில் போர்ட் முகவரியை நாமே கொடுக்கலாம்.

யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் போதாதா என்று கேட்பார்கள். அது கணினிக்குள் எல்பிடியாக வருவதில்லை, யுஎஸ்பி001 என்ற பெயரில் ஒரு பிரிண்டராகத்தான் வருகிறது. எக்ஸ்பியில் அந்தப் பிரிண்டரை ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அதன் பக்கம் திருப்பிவிட்டால் டாஸ் பில் வரும். டாங்கிலுக்கும் சிஎன்சிக்கும் அது ஆகாது.

டிரைவரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பாதுகாப்பு 2014 ஏப்ரல் 8-உடன் முடிந்தது. விண்டோஸ் 98-க்கு 2006 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வார்ம் பரவியபோது எக்ஸ்பிக்குக்கூட அவசரமாக ஒரு பேட்ச் வெளியிட்டார்கள், விஷயம் அவ்வளவு தீவிரம். அப்படிப்பட்ட இயந்திரத்தில் போன் ஹாட்ஸ்பாட்டை மாட்டி, டிரைவர் டவுன்லோட் என்று தேடி, கண்ணில் பட்ட முதல் பச்சை பட்டனை அழுத்துகிறார்கள். வருவது டிரைவர் அல்ல, டிரைவர் தேடித் தருவதாகச் சொல்லும் ஏதோ ஒன்று. கடையின் கணக்கு இருக்கும் கணினி அது. டிரைவரை உங்கள் கணினியில், சிப் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து எடுத்து, வைரஸ் ஸ்கேன் செய்து, சிடியில் எழுதிக்கொண்டு போங்கள். கார்டோடு வரும் குட்டிச் சிடியையும் கிளம்பும் முன்பே நகலெடுங்கள், பழைய இயந்திரத்தின் சிடி டிரைவ் பாதி இடங்களில் வேலை செய்யாது. பென் டிரைவ்தான் வழி என்றால் வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கான்ஃபிக்கர் போன்ற வார்ம்கள் ஆட்டோரன் (செருகியதும் தானாக இயங்கும் வசதி) வழியாகப் பென் டிரைவில் ஏறிப் பரவியவை, அந்தக் கால இயந்திரங்கள் பலவற்றில் ஆட்டோரன் இன்னும் திறந்தே கிடக்கிறது.

சோதனைப் பக்கம் வந்ததும் பையை மூடிவிடாதீர்கள். பவரை முழுதாக நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆன் செய்து, கடையில் தினமும் பில் போடுகிறவரையே உட்காரவைத்து ஒரு உண்மையான பில் போடச் சொல்லுங்கள். பிறகு கார்டின் சிப் எண், அதற்குக் கிடைத்த முகவரி, எல்பிடி எண், பயாஸில் மாற்றியவை, பேட்டரி மாற்றிய தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். டிரைவர் சிடியை ஒரு உறையில் போட்டுக் கடைக்காரரிடம் கையில் கொடுத்துவிடுங்கள்.