இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாதா?

நெட்வொர்க் துறையில் வேலை பார்ப்பதால் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்பார்கள்: "இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாதில்ல?" பிரவுசரில் இருக்கும் அந்தத் தனி வசதியைப் போட்டால் உங்கள் போனில் ஹிஸ்டரி இருக்காது, அவ்வளவுதான். இணைப்பு கொடுக்கும் நிறுவனத்துக்குப் போவது வழக்கம்போலப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

அங்கே என்ன தெரியும்? எச்டிடிபிஎஸ் (தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) உள்ள தளங்களில் நீங்கள் படிப்பதும் தட்டச்சு செய்வதும் தெரியாது. எந்தத் தளம், எத்தனை மணிக்கு, எவ்வளவு டேட்டா என்பது பெரும்பாலும் தெரியும். ஒருவர் இரவு 1 மணிக்கு ஒரு கருத்தரிப்பு மையத்தின் தளத்துக்குப் போகிறார். மறுநாள் ஒரு லேப். அப்புறம் ஒரு கடன் செயலி. ஒரு வரிகூடப் படிக்காமலே அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊகித்துவிடலாம். "நான் என்ன தப்பா பண்றேன், பார்த்தா பார்க்கட்டும்" என்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். தப்பே செய்யாதவருக்கும் மூடி வைக்க வேண்டியது உண்டு.

எந்த ஐபி முகவரி (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) யாரிடம் எப்போது இருந்தது போன்ற பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் திருத்தியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போய், தகவலை இடைமறிக்கவும் குறியாக்கத்தை, அதாவது மற்றவர் படிக்க முடியாதபடி போட்ட பூட்டைத் திறக்கச் சொல்லவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் சிபிஐ, அமலாக்கத் துறை உட்பட 10 அமைப்புகளுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது.

குற்றத்தைத் துப்பறியக் கண்காணிப்பு வேண்டும்தான். என் ஆதங்கம் வேறு. உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்க்கும் குழுவில் இருப்பவர்களும் அரசுச் செயலாளர்களே. இந்த நடைமுறையில் நீதிபதி எந்த இடத்திலும் கிடையாது. கண்காணிக்கப்பட்டவருக்குப் பிறகாவது சொல்வார்களா என்றால், அதுவும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். பறிபோனதே தெரியாத உரிமைக்காக யார் வழக்குப் போட முடியும்?

சரி, நம் இணையப் பயன்பாட்டை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் விபிஎன் போட்டுக்கொள்ளலாமா? 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, வாடிக்கையாளரின் பெயர், முகவரியை 5 ஆண்டு வைத்திருக்கும்படி விபிஎன் நிறுவனங்களுக்குச் சொன்னது. சில நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. இலவச விபிஎன் பக்கம் மட்டும் போகாதீர்கள். இணைப்பு நிறுவனம் பார்த்ததை இனி முகம் தெரியாத ஒருவர் பார்ப்பார்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாட்ஸப் செய்திகள் குறியாக்கத்தோடு போகின்றன. கூகுள் டிரைவில் ஏறும் பேக்கப்புக்கு அந்தப் பாதுகாப்பை நாமேதான் போட வேண்டும். செட்டிங்ஸில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப் போய், என்ட்-டு-என்ட் என்க்ரிப்ஷனை ஆன் செய்யுங்கள். அப்போது வைக்கும் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மறந்துபோனால் வாட்ஸப் நிறுவனத்தாலும் அந்தப் பேக்கப்பைத் திறந்து தர முடியாது.