இருட்டறையில் ஒளிரும் சோலார் பேனல்

மாடியில் சோலார் பேனல் பொருத்திக்கொண்ட வாசகர் ஒருவர், விற்பனையாளர் தந்த காகிதங்களுக்கு இடையே ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்ததாகவும், எலும்பு முறிவுக்கு எடுக்கும் எக்ஸ்-ரேயைப் போலவே அது தெரிந்ததாகவும் எழுதி, பேனலுக்கு எதற்கு எக்ஸ்-ரே என்று கேட்டிருந்தார். படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அதை எடுத்தபோது பேனலின் மீது எந்தக் கதிரும் பாய்ச்சப்படவில்லை. இருட்டுப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட பேனல் தானே ஒளிர்ந்தது. கேமரா அந்த ஒளியைப் பதிவு செய்தது.

பேனல் என்பது செல் எனப்படும் மெல்லிய சிலிக்கான் தகடுகளின் வரிசை. ஒளி பட்டதும் சிலிக்கானில் எலக்ட்ரானும், அது விட்டுச்செல்லும் காலியிடமான துளையும் பிரிந்து மின்னோட்டம் உண்டாவது பள்ளிப் பாடம். அதே செல்லுக்குள் வெளியிலிருந்து, மின்சாரம் எளிதாகப் பாயும் திசையில் (முன்னோக்குச் சார்பில்) அதைச் செலுத்தினால், எலக்ட்ரான்களும் துளைகளும் உள்ளே வந்து ஒன்றோடொன்று சேரும். சேரும்போது விடுபடும் ஆற்றலில் ஒரு பங்கு ஒளியாகும். எல்.இ.டி. விளக்கு எரிவதும் இப்படித்தான். இதற்கு மின்னொளிர்வு என்று பெயர். தொழிற்சாலைகளில் சுருக்கமாக இ.எல். என்பார்கள்.

ஆனால் சிலிக்கானால் யாரும் விளக்கு செய்வதில்லை. காரணம், அதில் எலக்ட்ரானுக்கும் துளைக்கும் உந்தம் ஒத்துப்போவதில்லை. ஒளித்துகளோ மிகக் குறைந்த உந்தத்தையே சுமக்கக்கூடியது என்பதால், மீதிக் கணக்கைத் தீர்க்க அதே கணத்தில் படிகத்தின் அதிர்வு ஒன்றும் வந்து சேர வேண்டியிருக்கிறது. இப்படி மூன்றும் கூடிவருவது அபூர்வம். அதுவரை எலக்ட்ரான் படிகத்துக்குள் அலைந்துகொண்டே இருக்கும். வழியில் ஓர் இரும்பு அணுவோ, படிகக் குறையோ, விரிசலின் ஓரமோ குறுக்கிட்டால், அங்கேயே துளையோடு சேர்ந்து தன் ஆற்றலை வெப்பமாக இழந்துவிடும். வழக்கமான செல்லில் நூற்றில் ஒரு எலக்ட்ரான்கூட ஒளியைத் தந்து முடிவதில்லை.

விளக்குக்குக் குறையாக இருக்கும் இந்தத் தாமதமே சோதனைக்குப் பெரும் வசதியாக அமைகிறது. எலக்ட்ரான் நீண்ட நேரம் பிழைத்திருக்கும் இடம் மட்டுமே பளிச்சென்று தெரியும். அது சீக்கிரம் மடியும் இடம் மங்கிவிடும். ஆகவே அந்தப் படம், எலக்ட்ரான்களின் ஆயுளைச் செல்லின் பரப்பெங்கும் அளந்து வரைந்த நிலப்படம். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கும் அதே ஆயுள்தான் தேவை என்பதால், நன்றாக ஒளிரும் செல்லே நல்ல சோலார் செல்.

2005-இல் ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபுயுகி குழுவினர் இந்த ஒளியைக் கேமராவில் பிடித்து, எலக்ட்ரான்கள் மடிவதற்குள் எவ்வளவு தூரம் பரவுகின்றன என்பதோடு அதன் பிரகாசம் தொடர்புடையது என்று காட்டினார்கள். பரவல் தூரத்தை அளந்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்கும், ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் குழு எதற்கும் இந்த ஆய்வு பதிலாகும் என்பது என் எண்ணம். திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் இன்று செல்லும் பேனலும் செய்யும் ஆலை நிற்கிறது. இயந்திரங்களுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்காவது இத்தகைய அளவீடுகளுக்கும் போக வேண்டாமா?

இந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. அதன் அலைநீளம் சுமார் 1150 நானோமீட்டர், அகச்சிவப்பு. வேடிக்கை என்னவென்றால், சாதாரண கேமராவின் உணரியும் சிலிக்கான்தான். சிலிக்கான் உமிழும் ஒளியைச் சிலிக்கான் உணரியால் தன் உணர்திறனின் விளிம்பில் மட்டுமே பார்க்க முடிகிறது. அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியைக் கழற்றி, சில வினாடிகள் காத்திருந்தால் படம் விழும். அவசரமுள்ள இடத்தில் இண்டியம், காலியம், ஆர்செனிக் சேர்ந்த விலையுயர்ந்த உணரியைப் பயன்படுத்துகிறார்கள்.

செல்லின் தடிமன் 150 மைக்ரான் அளவில்தான் இருக்கும். ஏறத்தாழ இரண்டு தலைமுடிகளை ஒட்டிவைத்தது போல. கம்பிகளைப் பற்றவைக்கும்போதும், சுமார் 150 டிகிரி வெப்பத்தில் கண்ணாடியோடு அழுத்தி ஒட்டும்போதும் அது விரிசல் விடலாம். அதனால்தான் ஒட்டுவதற்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் படம் எடுக்கிறார்கள். முன்பே தெரிந்தால் அந்த ஒரு செல்லை மாற்றிவிடலாம். மெல்லிய கறுப்புக் கோடாக மட்டும் தெரிந்தால், விரிசல் இருந்தாலும் மின்சாரம் இன்னும் கடந்து போகிறது என்று பொருள். ஒரு துண்டு முழுவதும் கறுத்திருந்தால், அது மின்கம்பியிலிருந்து துண்டிக்கப்பட்டுவிட்டது. ஒளியின் அளவு மின்னழுத்தத்தோடு அடுக்குக்குறி வேகத்தில் மாறுவதால், 60 மில்லிவோல்ட் குறைந்தாலே பிரகாசம் பத்தில் ஒன்றாகிவிடும்; செல்லின் மேல் மின்சாரத்தைக் கடத்தும் மெல்லிய வெள்ளி உலோகக் கோடு ஒன்று அறுந்தாலும் அதைச் சுற்றி மங்கல் தெரிவது இதனால்தான்.

ஒரு நிமிடத்துக்கும் குறைந்த இடைவெளியில் பேனல்கள் வந்துகொண்டிருக்கும் வரிசையில், பேனலுக்கு 144 அரைச் செல்களை (பாதியாக வெட்டிய செல்களை) மனிதர் ஒருவர் நாள் முழுவதும் உற்றுப் பார்க்க முடியாது. எனவே படங்களைச் செல்வாரியாக வெட்டி, எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கணினி நிரலான செயற்கை நரம்பு வலையமைப்பிடம் கொடுக்கிறார்கள். அதற்குக் கற்பிப்பதுதான் கடினம். நல்ல செல்கள் கணக்கின்றிக் கிடைக்கும். பழுதான செல்களோ அரிது. பல சிறு படிகங்கள் சேர்ந்த பலபடிகச் சிலிக்கானில் படிகத் துகள்களின் எல்லைகளும் விரிசலைப் போலவே கறுத்துத் தெரியும். ஜெர்மனியில் 44 பேனல்களிலிருந்து 2,624 செல் படங்களைத் திரட்டி வெளியிட்ட ஆய்வாளர்கள், பழுதா இல்லையா என்பதோடு, அந்தத் தீர்ப்பில் எவ்வளவு உறுதி என்றும் வல்லுநர்களிடம் கேட்டுக் குறித்தார்கள். தேர்ந்த கண்களுக்கே ஐயம் எழும் செல்கள் உண்டு என்பதை மறைக்காத அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

வாசகரின் படத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் மூலைவாட்டில் ஓடுகின்றன. கறுத்த துண்டு எதுவும் இல்லை. இப்போதைக்கு மின்சாரம் குறையக் காரணமில்லை. ஆனால் வெயிலிலும் இரவுக் குளிரிலும் மாறி மாறி விரிந்து சுருங்கும்போது அந்தக் கோடுகள் அகலலாம். மேலும், அந்தப் படம் ஆலையை விட்டுக் கிளம்பும்போது இருந்த நிலையைத்தான் சொல்கிறது. லாரியிலும் மாடிப்படியிலும் நடந்தவை அதில் இல்லை. பேனலைக் கழுவ ஆள் வைத்தால், அதன் மேல் ஏறி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குதிகால் அழுத்திய இடத்தில் உண்டாகும் விரிசல், இ.எல். படத்தில் பெருக்கல் குறியைப் போலத் தெரியும்.