வெயில் காலத்தில் டயர் காற்றைக் குறைக்காதீர்கள்

சித்திரை பிறந்தாலே பஞ்சர் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் காதில் விழும் பேச்சு இது: "வெயில் அதிகம், ரெண்டு மூணு பாயின்ட் கம்மியா வைங்க. சூட்டுல காத்து விரிஞ்சு டயர் வெடிச்சிடும்." கேட்கச் சரி போலத்தான் தோன்றும். ஆனால் நெடுஞ்சாலையில் டயரை வெடிக்க வைப்பது பெரும்பாலும் இந்தக் குறைந்த காற்றுதான்.

185/65 R15 அளவு டயர், 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 850 முறை சுற்றுகிறது. காற்று குறைவாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். அந்த மடங்கலில் பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் ரப்பருக்குள்ளேயே சேரும். உள்ளே இருக்கும் நூலிழையும் இரும்புக் கம்பி அடுக்கும் ரப்பரைவிட்டுப் பிரியத் தொடங்கும். ஐந்து பேரும் டிக்கி நிறையப் பெட்டிகளுமாக, மே மாத மதியத்தில், இடைவிடாமல் இரண்டு மணி நேரம் ஓட்டினால் கேட்கவே வேண்டாம்.

சூட்டில் காற்று விரிவது உண்மைதான். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் 1 பிஎஸ்ஐ கூடும். பிஎஸ்ஐ என்பது காற்றழுத்தத்தின் அளவு, பங்கில் 'பாயின்ட்' என்று சொல்வது இதைத்தான். காலையில் 33 இருந்தது மதியம் 37, 38 காட்டும். இதையும் கணக்கில் எடுத்துத்தான் கார் நிறுவனம் அளவைக் குறித்திருக்கிறது. சூடாக இருக்கும்போது கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறியபின் அளவு குறைந்துபோகும்.

சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும், சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம். முழுச் சுமைக்குத் தனி அளவு போட்டிருந்தால் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போது அதையே வையுங்கள். டயரின் மேல் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, நிரப்ப வேண்டிய அளவு அல்ல. வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு அளக்க வேண்டும். பங்க் தொலைவில் என்றால் காற்றழுத்தம் அளக்கும் ஒரு கேஜ் வாங்கி வீட்டிலேயே பாருங்கள். 33 வேண்டிய இடத்தில் 29 இருக்கிறது என்றால் குறைவு 4. பங்க் போய்ச் சேரும்போது அது 32 காட்டினால், அந்த 4-ஐக் கூட்டி 36 வரை நிரப்பச் சொல்லுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இது போதும். நைட்ரஜன் போட்டவர்களும் பார்த்தே ஆக வேண்டும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள்.

பட்டன், அதாவது சாலையைத் தொடும் பகுதியின் வரிப்பள்ளம், நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை நம்புவது அடுத்த ஆபத்து. பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. ஐந்து ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் கடையில் காட்டுங்கள். பத்து ஆண்டானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வெயிலிலேயே நிற்கும், அதிகம் ஓடாத கார்களில் இது நிறைய நடக்கிறது: ரப்பர் இறுகி, மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும். பட்டன் ஆழம் 1.6 மி.மீ. என்பது சட்டம் சொல்லும் எல்லை. ஐப்பசி மழைக்கு அது போதாது, 3 மி.மீ.க்கு வரும்போதே புதிது போடுங்கள்.

தேய்மானத்தையும் கவனியுங்கள். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் குறைவு, ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட் (சக்கரங்களின் நேர்ப்பாடு) பார்க்க வேண்டும். பள்ளத்தில் விழுந்தபின் பக்கச்சுவரில் சிறு புடைப்பு தெரிந்தால் உள்ளிழை அறுந்துவிட்டது என்று பொருள். அதற்கு ஒட்டும் கிடையாது, வைத்தியமும் கிடையாது. அந்த டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது.

அப்படியும் ஓடும்போது டயர் வெடித்தால் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டியரிங்கை இரு கையாலும் இறுகப் பிடித்து நேராக வையுங்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாக இறங்கியபின் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். எல்லோரும் சாலைத் தடுப்புக்கு அப்பால் போய் நின்ற பிறகே உதவிக்குப் போன் செய்யுங்கள்.