பிஸ்டன் உருகியது ஏன்? பழைய டூ-ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கி எஞ்சினைப் படிக்கும் விதம்

பழைய ஜெட் ஸ்கி, அதாவது தண்ணீர் மேல் ஓடும் ஸ்கூட்டர், விற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: போன சம்மர் வரை நன்றாக ஓடியது, இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை, கார்பரேட்டரைச் சுத்தம் செய்தால் போதும். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பலருக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் செத்துப்போனால், எப்படிச் செத்தது என்ற தடயத்தை உள்ளேயே விட்டுவைக்கும்.

உதாரணத்துக்கு ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1990களின் நடுவில் பாம்பார்டியர் நிறுவனத்தின் சீ-டூ வண்டிகளில் வந்த ரோட்டாக்ஸ் 787. இரண்டு சிலிண்டர், 82 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 110 குதிரைத் திறன். வட அமெரிக்காவின் ஏரிக்கரை ஊர்களில் இவை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்கு இந்த எஞ்சினின் அடிப்படை புதிதல்ல. வேலைதான் வேறு. பைக்கில் கியர் உண்டு, இறக்கம் உண்டு, சிக்னல் உண்டு. எஞ்சினுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். ஜெட் ஸ்கியில் கியர்பாக்ஸ் கிடையாது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு நேராகத் தண்ணீர் பம்ப்பைச் சுற்றுகிறது. ஓட்டுபவர் திராட்டிலை முழுக்க அழுத்தினால், விடும் வரை எஞ்சின் முழுப் பாரத்தில் கிட்டத்தட்ட 7000 ஆர்பிஎம்மில் நிற்கும். அலை மேல் தாவும்போது பம்ப் தண்ணீரை விட்டு வெளியே வந்து எஞ்சின் அலறும், மறுபடி தண்ணீரில் விழும்போது பாரம் ஒரே அடியாக ஏறும். பைக்கில் பல வருடம் ஒளிந்துகொண்டிருக்கும் சின்னக் குறை இங்கே ஒரே மதியத்தில் பிஸ்டனை உருக்கிவிடும்.

இனி அதன் உள்ளே. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே இருப்பது ஆயில் தொட்டி. டூ-ஸ்ட்ரோக்கில் அந்த இடம்தான் நுரையீரல். பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் அறையில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை கார்பரேட்டர் வழியே உள்ளே வருகிறது. பிஸ்டன் கீழே வரும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டுத் துளைகள் வழியே சிலிண்டருக்குள் ஏறுகிறது. அந்தக் கலவையோடு வரும் மெல்லிய ஆயில்தான் கிராங்க் பேரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் கிடைக்கும் மொத்த உயவு. இன்னொன்றும் உண்டு: கார்பரேட்டரோடு இணைந்த பெட்ரோல் பம்ப்பின் ரப்பர் சவ்வை அசைப்பதும் கிராங்க் அறையின் இந்த மூச்சுதான். ஆக, பிஸ்டனுக்குக் கீழே எங்காவது காற்று கசிந்தால் பெட்ரோல் குறைகிறது, சூடு கூடுகிறது, எஞ்சினே போகிறது. மேலே மட்டும் பார்த்துப் பழகிய மெக்கானிக் தவறுவது இந்த இடத்தில்தான்.

சரி, வண்டி முன்னால் நிற்கிறது. சீட்டைக் கழற்றி, உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவி போகும் வரை திறந்து வையுங்கள். ஸ்டார்ட் பட்டனைத் தொடும் முன் இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். காரணம், சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருக்கலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிளக்கோடு சுற்றினால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடே வளையும். பிளக் இல்லாமல் சுற்றினால் தண்ணீர் துளை வழியே பீய்ச்சி வெளியே வரும். முகத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். பிளக் கழற்றிய பிறகும் கையால் துளிகூடச் சுற்றவில்லை என்றால் பிஸ்டனோ கிராங்க்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

சுற்றுகிறது என்றால் அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட்: பிளக் துளையில் கேஜ் மாட்டி, சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்ப்பது. பிளக் வயர் இரண்டையும் எர்த் செய்யுங்கள். செய்யாவிட்டால் பிளக்குக்குப் பொறி தரும் சிடிஐ பெட்டி கெடலாம், வெளிவரும் பெட்ரோல் ஆவியில் பொறியும் விழலாம். திராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு, கேஜ் முள் ஏறி நிற்கும் வரை சுற்றுங்கள். நல்ல நிலையிலுள்ள 787 கிட்டத்தட்ட 150 பிஎஸ்ஐ காட்டும். கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று முப்பது சொச்சம்தான். அப்படிப் பார்த்தால் இது ஐந்து மடங்கு. இரண்டு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. என்னைக் கேட்டால், ஒன்று 150, மற்றது 115 என்று காட்டும் எஞ்சினைவிட இரண்டும் 130 காட்டும் எஞ்சின் மேல். முன்னதில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, பின்னதற்கு வயதாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த எண் ஏமாற்றும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் குறைத்துக் காட்டும். சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் இடைவெளி தற்காலிகமாக அடைபட்டுக் கூட்டிக் காட்டும். மெக்கானிக் இதைச் சோதனையாகவே செய்வார்: ஆயில் விட்டதும் எண் ஏறினால் தேய்ந்தது ரிங். அதையே விற்பவரும் நீங்கள் வருவதற்கு முன் செய்திருக்கலாம். அதனால் பிளக் முனையும் பிஸ்டன் தலையும் ஆயிலில் நனைந்து மினுங்குகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

பிளக் துளை வழியே நுழையும் சின்னக் கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றினால் பிஸ்டனின் பக்கவாட்டும் ரிங்கும் கண்ணுக்கே தெரியும். எனக்கு இந்தச் சோதனையிலேயே மிகவும் பிடித்த கட்டம் இதுதான், ஏனென்றால் கீறல் இருக்கும் இடமே காரணத்தைக் காட்டுகிறது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் செங்குத்தாகக் கீறல் இருந்தால், ஏற்கெனவே அதிகம் சூடாகும் அந்தப் பக்கம் இன்னும் கூடுதலாகச் சுட்டிருக்கிறது. பெட்ரோல் குறைந்ததா, கூலிங் தண்ணீர் வரவில்லையா என்று தேட வேண்டும். பிஸ்டன் தலையின் ஓரம் மணல் அடித்ததுபோல் பொரிந்திருந்தால் கலவை தானாக வெடித்திருக்கிறது. நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் அலுமினியம் உருகும் அளவுக்குச் சூடு. சுவரில் செம்பழுப்புத் துரு இருந்தால் தண்ணீர்.

சுற்றிலும் நான்கு இடங்களில் சம அளவில் கீறல் இருந்தால் கதை வேறு. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் உட்சுவர் வார்ப்பிரும்பு. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 82 மில்லிமீட்டர் பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.17 மில்லிமீட்டர் பெருக்கும், அதே சூட்டில் இரும்பு அதில் பாதிதான். இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியோ ஒரு தாளின் தடிமன், 0.1 மில்லிமீட்டர் சுமார். சிலிண்டரை ஏரியின் குளிர்ந்த தண்ணீர் சுற்றி ஓடிக் குளிர்விக்கிறது. ஸ்டார்ட் செய்த கையோடு முழு திராட்டில் கொடுத்தால் பிஸ்டன் விரிந்துவிடும், சிலிண்டர் விரியாது. நான்கு இடத்தில் பிடித்துக்கொள்ளும். இதற்கு எந்தப் பாகமும் குற்றவாளி அல்ல, இரண்டு நிமிடம் பொறுக்காததுதான் காரணம்.

அப்புறம் எந்தச் சிலிண்டர் போனது என்று பார்க்க வேண்டும். 787-இல் சிலிண்டருக்கு ஒரு கார்பரேட்டர். முன்பக்கச் சிலிண்டரை மேக் என்றும் பம்ப் பக்கத்தை பிடிஓ என்றும் சொல்வார்கள். ஒன்று மட்டும் செத்திருந்தால் அதன் கார்பரேட்டர், அதன் கேஸ்கட், கிராங்க் அறையில் காற்று கசியாமல் அடைக்கும் அந்தப் பக்க கிராங்க் ஆயில் சீல் ஆகியவற்றின் மேல் சந்தேகம். இரண்டும் ஒரே மாதிரி போயிருந்தால் பொதுவான ஒன்று: பெட்ரோல் குழாய், ரிசர்வ் வால்வ், ஆயில் பம்ப், இல்லை கூலிங்.

இந்த வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது பெட்ரோல் குழாயின் நிறம். 1990களின் சீ-டூ பலவற்றில் சாம்பல் நிறக் குழாய் வந்தது. வருடம் போகப் போக அதன் உட்சுவர் சிதைந்து பச்சைப் பிசினாகி, கார்பரேட்டருக்குள் விரல் நகம் அளவே இருக்கும் வலையில் போய் அடைகிறது. மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, அதற்குத் தேவையான பெட்ரோல் கசிந்தாவது வந்துவிடும். முழு வேகத்தில் போகும்போதுதான் பற்றாமல் போகும். சிலிண்டருக்குள் ஆவியாகிச் சூட்டைக் குடிக்கும் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் தாங்காது. உருகுவதற்குச் சற்று முன்னால் வண்டி வழக்கத்தைவிடக் கூர்மையாக ஓடுவதுபோலக்கூடத் தோன்றும். சாம்பல் குழாயை மாற்றாமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு பிரஷர் டெஸ்ட். எக்ஸாஸ்ட் வாயையும் கார்பரேட்டர் வாயையும் தகடு வைத்து அடைத்து, எஞ்சினுக்குள் ஆறேழு பிஎஸ்ஐ காற்று ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி இடத்தைக் காட்டிவிடும். கம்ப்ரஷன் 150 காட்டிய எஞ்சினும் இதில் தோற்கலாம், ஏனென்றால் கம்ப்ரஷன் கேஜுக்குக் கிராங்க் சீல் தெரியாது.

தண்ணீர் உள்ளே போவது ஓட்டத்தில் மட்டும் நடப்பதில்லை. வீட்டில் ஹோஸ் மாட்டிக் கழுவும்போதே பலர் எஞ்சினைக் கெடுத்திருக்கிறார்கள். முதலில் எஞ்சினை ஓட விட்டு, பிறகுதான் தண்ணீர் திறக்க வேண்டும்; நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். வெளியே தள்ளும் புகை இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் நிரம்பி, தண்ணீர் சிலிண்டருக்கே திரும்பும். ஓடாத வண்டியைக் கயிறு கட்டி வேகமாக இழுத்தாலும், பம்ப் வழியே ஏறும் தண்ணீர் இதையே செய்யும். உள்ளே போன தண்ணீரை அன்றைக்கே வெளியேற்றி ஆயில் காட்டாவிட்டால் கிராங்க் பேரிங் துருப்பிடிக்கும்.

கடைசியாகக் கிராங்க். பிளக் துளை வழியே ஒரு மரக்குச்சியைப் பிஸ்டன் மேல் ஊன்றிக்கொண்டு, பம்ப் பக்க இணைப்பைக் கையால் முன்னும் பின்னும் லேசாக அசைக்க வேண்டும். பிஸ்டன் அசைவதற்கு முன் ஒரு சின்ன ‘டக்’ கேட்டால் ராட் பேரிங் தளர்ந்திருக்கிறது. சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் கையில் உணர்ந்தால் மெயின் பேரிங்கில் துரு. இந்த கிராங்க் துண்டு துண்டாக அழுத்திச் சேர்த்தது. தாவி விழும் அடிகளில் முறுக்கிக்கொண்டு, இரண்டு பிஸ்டனுக்கும் நடுவே இருக்க வேண்டிய 180 டிகிரி விலகியிருக்கலாம். டயல் கேஜ் வைத்தால்தான் அது தெரியும். கலவை உள்ளே வரும் வாயைச் சுழன்று திறந்து மூடும் ரோட்டரி வால்வின் அறை ஆயிலில் பித்தளைப் பொடி மினுங்கினால் அதைச் சுற்றும் பல்சக்கரமும் தேய்ந்திருக்கிறது.

மேல் பாதி மட்டும் போயிருந்தால் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி (போர் போட்டு), 0.25 அல்லது 0.5 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் மாட்டலாம், காரணத்தையும் கண்டுபிடித்திருந்தால். கிராங்க்கும் சேர்ந்து போயிருந்தால் எஞ்சினுக்கென்று எதுவும் தராதீர்கள். ஹல் (வண்டியின் படகு உடல்), பம்ப், டிரெய்லர் இவற்றுக்கு மட்டும் விலை பேசுங்கள்.