ராத்திரி பாத்ரூம் போறப்ப தான் விழுறாங்க

நான் பிசியோதெரபிஸ்ட், இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் பண்ண பெரியவங்கள வீட்டுக்கே போய் நடக்க வைக்கிறது என் வேலை. எப்படி விழுந்தீங்கன்னு கேட்டா நெறைய பேர் சொல்றது ஒன்னு தான், "ராத்திரி ஒன்னுக்கு போக எந்திரிச்சேன், கண்ண இருட்டிட்டு வந்துச்சு". வீட்ல இருக்கவங்க டைல்ஸ் வழுக்கிடுச்சும்பாங்க. அந்த கண்ண இருட்டினத யாரும் டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல, எனக்கு அது தான் பெரிய கவலை.

படுத்திருந்து சட்டுன்னு எந்திரிச்சா ரத்தம் கால் பக்கம் இறங்கும், வயசுப் பசங்களுக்கு உடம்பு உடனே சமாளிச்சுக்கும், எழுபது வயசுல அது லேட்டாகும், கூட பிபி மாத்திரை, புராஸ்டேட்டுக்கு குடுக்குற டாம்சுலோசின், நீர் பிரியறதுக்கான மாத்திரை எல்லாம் சேந்தா பிரஷர் இன்னும் இறங்கும். தூக்க மாத்திரையும் போட்டிருந்தா கால் தள்ளாடும். ஒரு பாட்டி, ராத்திரி மருமகள எழுப்ப வேண்டியிருக்கேன்னு மத்தியானத்துக்கு மேல தண்ணியே குடிக்க மாட்டாங்க. உடம்புல தண்ணி குறைஞ்சா தலைசுத்தல் ஜாஸ்தி தான் ஆகும். தண்ணி குறைக்க சொல்லி டாக்டர் சொல்லாதவங்க பகல்ல நல்லா குடிச்சுட்டு சாயங்காலத்துக்கு மேல குறைச்சுக்கலாம்.

வீட்ல பிபி மிஷின் இருந்தா அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு ஒரு தடவ பாருங்க, அப்புறம் நிக்க வச்சு 1 நிமிஷத்துலயும் 3 நிமிஷத்துலயும் பாருங்க, பக்கத்துல ஒருத்தர் பிடிச்சுக்கணும். மேல் அளவு 20, இல்ல கீழ் அளவு 10 இறங்கினா எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க ப்ளீஸ்.

எந்திரிக்கும்போது கால தொங்கப் போட்டு கட்டில் ஓரத்துல ரெண்டு நிமிஷம் உக்காந்து, பாதத்த மேலயும் கீழயும் ஆட்டிட்டு, கட்டில பிடிச்சு நின்னு, கண்ணு தெளிஞ்சப்புறம் தான் நடக்கணும். வழியில ஒரு சின்ன நைட் லேம்ப் போதும்.

பாத்ரூம்ல அவங்க பிடிக்கிறது டவல் ராடு தான், அது துண்டு காயப்போட மாட்டினது, ஆள் வெயிட்ட தாங்காம ஸ்க்ரூவோட பிடுங்கிட்டு வந்துரும். வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்துல சுவத்த டிரில் பண்ணி ஸ்டீல் கைப்பிடி போடுங்க. உள்ள தாழ்ப்பாள் போட வேணாம்னும் சொல்லி வைங்க. கதவு உள்பக்கம் திறக்குற மாதிரி இருந்தா விழுந்தவங்க கதவு மேலயே சாஞ்சுருவாங்க, வெளிய இருந்து தள்ளவே முடியாது, முடிஞ்சா வெளிப்பக்கம் திறக்குற மாதிரி மாத்திடுங்க.

அப்படியும் விழுந்துட்டா, நிக்க முடியலன்னாலோ ஒரு கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்கலாம், எண்ணெய் போட்டு நீவாதீங்க, நடக்க வச்சு பாக்காதீங்க, 108க்கு போன் பண்ணுங்க. இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன், படுத்தே ஆறட்டும்னு சொந்தக்காரங்க நெறைய பேர் சொல்வாங்க, ஆனா படுத்தே கிடந்தா படுக்கைப் புண், நிமோனியா, கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையறதுன்னு ஒவ்வொன்னா வரும். உடம்பு தாங்கும்னு டாக்டர் சொன்னா ரெண்டு நாளைக்குள்ள பண்ணிடறது நல்லது, அடுத்த நாளே எந்திரிச்சு நிக்க வச்சுடலாம். அப்படியே தலைசுத்தி தான் விழுந்தாங்கன்னும் அந்த டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க.